கோவையில் அறுத்து வீட்டில் ஒட்டிய சம்ப்: கடல்மீன் தொட்டி வைப்போருக்கு ஒரு மதிப்புரை

கடல்மீன் தொட்டி வைக்க விரும்பும் கொங்குநாட்டு நண்பர்கள், ஆயத்தமாகக் கட்டி விற்கும் சம்ப்பை (தொட்டியின் கீழே நின்று அதன் தண்ணீரைச் சுத்தம் செய்யும் துணைத் தொட்டியை) வாங்குவதைவிட, ஊரிலுள்ள கண்ணாடிக் கடையில் அளவு கொடுத்து அறுத்து வாங்கி வீட்டிலேயே ஒட்டிக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. கோவை டவுன்ஹால் பகுதியில் சன்னல் கண்ணாடியும் முகம் பார்க்கும் கண்ணாடியும் அறுத்துத் தரும் ஒரு சிறிய கடையில் இதற்கான கண்ணாடிகளை வாங்கினேன். மீன் தொட்டி அவர்களுடைய தொழில் அல்ல. ஆனாலும் அவர்கள் காட்டிய துல்லியம், தொட்டி விற்கும் கடைகளில் நான் பார்த்ததைவிட மேலானது.

என் தொட்டி 120 சென்டிமீட்டர் நீளமும் 45 அகலமும் 45 உயரமும் கொண்டது. விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 240 லிட்டர் கொள்ளும். அதன் கீழ் அலமாரிக்குள் வைக்க, 90 நீளம், 36 அகலம், 40 உயரத்தில் சம்ப் திட்டமிட்டேன். வெளிச்சுவர்களுக்கு 8 எம்.எம். கண்ணாடியும் உள் தடுப்புகளுக்கு 6 எம்.எம். கண்ணாடியும் எடுத்தோம். வரைபடத்தைப் பார்த்தவுடன் கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே அவருடைய அனுபவத்தைக் காட்டியது: “உள்ள எறங்கற தடுப்புக்கு ரெண்டு பக்கமும் எடம் உட்டிருக்கீங்களா? சிலிகான் நிக்கோணுமில்லீங்க.” உள்ளகலத்தைவிட 3 மில்லிமீட்டர் குறைத்துத் தடுப்புகளை அறுத்து, கை வெட்டாதபடி எல்லா விளிம்புகளையும் தேய்த்துக் கொடுத்தார். எல்லாத் துண்டுகளையும் கோணமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். ஒன்றுகூடக் கோணல் இல்லை. கண்ணாடிக்குச் சதுர அடிக் கணக்கிலும் விளிம்பு தேய்ப்புக்குத் தனியாகவும் விலை போட்டார்கள். சிலிகானையும் பி.வி.சி. சாமான்களையும் சேர்த்துப் பார்த்தாலும், இதே அளவு ஆயத்தச் சம்ப்புக்கு வேறொரு கடையில் சொன்ன விலையில் பாதியைத் தாண்டவில்லை.

குறை ஒன்றே ஒன்று. கண்ணாடியைத் துளையிடும்போது விரிசல் விட்டால் பொறுப்பு நம்முடையது என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். பெரிய தொட்டியின் பின்சுவரில் ஓவர்ஃப்ளோவுக்கு, அதாவது தண்ணீர் சம்ப்புக்கு வழிந்து இறங்கும் வழிக்கு, துளையிட நினைப்பவர்கள், பொருத்தப்போகும் டேங்க் நிப்பிளையே (துளையில் குழாயை இணைக்கும் சாமானையே) கையோடு கொண்டுபோய் அளவு காட்ட வேண்டும். குழாயின் அளவைச் சொன்னால் போதாது. டஃபன்ட் (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியை எந்தக் கடையிலும் துளையிட முடியாது, வைர முனை தொட்டவுடன் நொறுங்கிவிடும் என்பதால், தொட்டி வாங்கும்போதே எந்தெந்தப் பக்கம் டஃபன்ட் செய்தது என்று கேட்டுவைத்துக்கொள்வது அவசியம்.

ஒட்டுவதற்கு, காயும்போது வினிகர் நெடி அடிக்கும் சாதாரண நிறமற்ற சிலிகானே போதுமானது. குளியலறைக்கென்று பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்து வருவதைத் தொடக்கூடாது. அந்த மருந்து மீன்களுக்கு ஆகாது. குழலின் மேல் அச்சிட்ட தயாரிப்புத் தேதியையும் பார்த்து வாங்க வேண்டும், ஏனெனில் பழைய சிலிகான் சரியாகப் பிடிக்காது. ஒட்டி முடித்ததும் ஒரு வாரம் காயவிட்டு, அடியில் தெர்மாகோல் தகடு வைத்து, வாசலிலேயே நல்ல தண்ணீர் நிரப்பிச் சோதித்த பிறகே உள்ளே கொண்டுவந்தேன்.

உள் அமைப்பில் மூன்று அறைகள் உள்ளன. மேல் தொட்டியிலிருந்து வழியும் தண்ணீர் விழும் முதல் அறையில் புரோட்டீன் ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகத் திரட்டிக் கோப்பையில் தள்ளும் கருவி) நிற்கிறது. ஸ்கிம்மர் ஒழுங்காக நுரை தள்ள வேண்டுமானால் அதைச் சுற்றி நீர்மட்டம் மாறவே கூடாது; ஆகவே அந்த அறையின் தடுப்பை 22 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தி, அதன்மேல் வழிந்து செல்லும்படி செய்தேன். நடு அறையில் கல்லும் கீட்டோ என்னும் கடற்பாசியும் இருக்கின்றன. மீன் எச்சத்திலிருந்து எழும் அம்மோனியாவைப் பாக்டீரியா நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். அந்த நைட்ரேட்டைப் பாசி உறிஞ்சி வளரும். மிஞ்சி வளரும் பாசியைக் கிள்ளி எறிவதே அழுக்கை வெளியேற்றும் வழி. அடுத்து வரும் மூன்று தடுப்புகளில் முதலாவதன் மேலும், இரண்டாவதன் அடியிலும், மூன்றாவதன் மேலுமாகத் தண்ணீர் ஏறி இறங்கிச் செல்வதால் காற்றுக்குமிழிகள் அங்கேயே பிரிந்துவிடுகின்றன. கடைசி அறையிலிருந்து மோட்டார் தண்ணீரை மேலே தள்ளுகிறது.

ஆயத்தச் சம்ப் விற்பவர்கள் பெரும்பாலும் பேசாத விஷயம், மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பது. மோட்டார் நின்றவுடன், மேலே தண்ணீர் விடும் குழாயின் வாய் வெளிப்படும்வரை தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியே பின்னோக்கிச் சம்ப்புக்குள் இறங்கும். என் தொட்டியில் மட்டம் 3 சென்டிமீட்டர் இறங்கினாலே 16 லிட்டர் கீழே வந்துவிடும். ஆகவே குழாய் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே வைத்து, காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துபோக அதில் சிறு துளையும் இட்டிருக்கிறேன். ஓடும் நிலையில் சம்ப்பில் தண்ணீர் 22 சென்டிமீட்டருக்கு மேல் போவதில்லை. மேலே எஞ்சிய இடம் 50 லிட்டருக்கும் அதிகமாகத் தாங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தபோது, ஒரு சொட்டுக்கூடத் தரையில் சிந்தவில்லை. 30 உயரமே உள்ள கடைச் சம்ப்புகளில் இந்த நிம்மதி குறைவு.

மோட்டார் ஊரான கோவையில் ஹெட் (தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம்) என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெட்டியில் 3000 லிட்டர் என்று போட்டிருப்பது ஏற்றமே இல்லாத நிலையில் வரும் கணக்கு. நாலைந்தடி மேலே தள்ளும்போது வரத்து வெகுவாகக் குறையும். மணிக்கு ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு லிட்டர்வரை வந்தால் இந்தத் தொட்டிக்குப் போதும். ஆனால் நம் பட்டறைகளில் செய்யும் வீட்டு மோட்டார்களை இதற்கு எண்ணிப் பார்க்கவே கூடாது. வார்ப்பிரும்பு உப்புநீரில் துருப்பிடிக்கும். பித்தளையிலிருந்து கசியும் செம்பு, இறால், நத்தை போன்ற முதுகெலும்பில்லா உயிர்களைக் கொன்றுவிடும். பீங்கான் தண்டு கொண்ட மீன்தொட்டி மோட்டாரே வேண்டும்.

சித்திரை, வைகாசி மாதங்களில் சம்ப்பின் மேல் சிறிய மின்விசிறி ஓடவிட்டால் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி குறைகிறது. அதற்கு விலையாகத் தண்ணீர் வேகமாக ஆவியாகிறது. முன் அறைகளின் மட்டத்தைத் தடுப்புகள் பிடித்து வைத்திருப்பதால், குறைவது முழுவதும் மோட்டார் அறையில்தான் தெரியும்: 4 லிட்டர் ஆவியானால் அங்கே நாலரை சென்டிமீட்டர் இறங்கிவிடும். உப்பு ஆவியாகாது; எனவே ஈடுகட்டும் தண்ணீரில் உப்புச் சேர்க்கக் கூடாது, தொட்டியின் உப்புநீர் அடர்த்தி எண் 1.025ஐ ஒட்டியே நிற்க வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில்கூடக் குளோரினை நீக்காமல் ஊற்றக் கூடாது. கடினமான போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கும் வீடுகளுக்கு ஆர்.ஓ. தண்ணீரைத் தவிர வேறு வழியில்லை.

இதே கடைக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்ளவும். சம்ப் நுழைய வேண்டிய அலமாரிக் கதவின் திறப்பகலம் ஒன்று. ஸ்கிம்மரின் கோப்பையை மேலே தூக்கிக் கழற்றுவதற்குத் தேவையான உயரம் மற்றொன்று. சம்ப்பின் விளிம்புக்கும் அலமாரியின் மேல்தட்டுக்கும் இடையே அந்த உயரம் இல்லையென்றால், கோப்பையைக் கழுவும் ஒவ்வொரு முறையும் ஸ்கிம்மரையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.