முதல் ட்ரில்லிங் மெஷின்: போஷ் ஜிஎஸ்பி 500 ஆர்ஈ எனக்கு ஏன் பிடித்தது

ட்ரில்லிங் மெஷின் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால், உங்கள் வீட்டு ஜன்னலுக்கு மேலே கொஞ்சம் பாருங்கள். கர்ட்டன் கம்பி மாட்டுகிற இடம். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் அங்கே இருப்பது செங்கல் இல்லை, லிண்டல். கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றியது. வீட்டில் ஓட்டை போட ரொம்பக் கஷ்டமான இடங்களில் அதுவும் ஒன்று. புது வீட்டுக்குக் குடி போனதும் முதல் ஓட்டை தேவைப்படுவதும் அங்கேதான். முதல் மெஷினை அந்த லிண்டலை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான் திருச்சியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறேன். கணவர் வேலை பார்ப்பது வெளியூரில். நாலு ஓட்டை போட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் "நாளைக்கு வர்றேங்க்கா" என்பார். பெரிய வேலை கையில் இருக்கும்போது இந்தச் சின்ன வேலைக்கு அவர் வராததில் தப்பும் இல்லை. அதனால் போஷ் ஜிஎஸ்பி 500 ஆர்ஈ ஒன்றை நானே வாங்கினேன். கரண்டில் ஓடுகிற இம்பாக்ட் ட்ரில், 500 வாட்ஸ், 10 மி.மீ. சக் (பிட் என்கிற துளைக்கும் கம்பியைக் கவ்விப் பிடிக்கும் பகுதி), எடை சுமார் ஒன்றரைக் கிலோ.

இந்த எடை முக்கியம். ஏணியில் நின்று தலைக்கு மேலே கையைத் தூக்கி வேலை செய்யும்போது ஒன்றரைக் கிலோவுக்கும் இரண்டரைக் கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் தோளுக்குத் தெரியும். முதலில் போன கடையில் "சாரைக் கூட்டிட்டு வாங்க மேடம், அவர் பார்த்து வாங்கட்டும்" என்றார்கள். எனக்குக் கோபமாகவே வந்தது. மெஷினைப் பிடிக்கப் போவது என் கை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்னொரு கடையில் ஒரு பெரியவர் பெட்டியைத் திறந்து, பிளக்கில் சொருகி, "பிடிச்சு ஓட்டிப் பாரும்மா" என்று கையில் கொடுத்தார். அங்கேயே வாங்கிவிட்டேன். நீங்களும் கையில் பிடித்து, ட்ரிக்கரை மெதுவாக அழுத்திப் பார்த்து வாங்குங்கள். விரலை லேசாக அழுத்தினால் மெதுவாகச் சுற்ற வேண்டும், முழுக்க அழுத்தினால் முழு வேகம். இந்த மெஷினில் அது நிமிடத்துக்கு 2,600 சுற்று வரை போகும். ரிவர்ஸும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாட்டிக்கொண்ட பிட்டை வெளியே எடுக்கப் படாத பாடு படுவீர்கள்.

பேட்டரி மெஷின் வாங்கலாமே என்று தங்கை கேட்டாள். ஒயர் இல்லை, பார்க்கவும் அழகாக இருக்கிறது. கட்டில், அலமாரி கழற்றி மாட்ட அதுபோல வசதி வேறில்லை. ஆனால் சின்ன 12 வோல்ட் மெஷினை லிண்டலில் வைத்தால் பூச்சைத் தாண்டியதும் திணறும். கான்கிரீட்டைத் துளைக்கிற பெரிய பேட்டரி மெஷின்களும் உண்டு, விலை எங்கேயோ போய்விடும். தவிர, வருஷத்தில் சில நாள் மட்டும் எடுக்கிற வீட்டில் பேட்டரி சும்மா கிடந்தே வீணாகும். ஒயர் மெஷினுக்கு அந்தக் கவலை இல்லை. 500 வாட்ஸ் என்றால் இரண்டு ஆம்பியர் சொச்சம்தான் இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயிண்டே போதும். நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று மட்டும் வேண்டும்.

இம்பாக்ட் என்பது என்ன? உள்ளே பல்பல்லாக வெட்டிய இரண்டு தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று உரசிக் குதிக்கும். அந்தக் குதிப்புதான் பிட்டை முன்னால் தட்டிக்கொண்டே சுற்ற வைக்கிறது. நாம் பின்னாலிருந்து அழுத்தினால்தான் இந்தத் தட்டல் வேலை செய்யும். செங்கல் சுவருக்கும் லிண்டலுக்கும் மேலே உள்ள பட்டனைச் சுத்தியல் படத்துக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். மரம், இரும்பு, டைல்ஸ் மூன்றுக்கும் சுத்தியல் கூடவே கூடாது. டைல்ஸில் தட்டல் வைத்தால் விரிசல் விட்டுவிடும். வெள்ளையாக, லேசாக இருக்கிற ஏஏசி பிளாக் சுவர் உங்களுடையது என்றால் அங்கேயும் வேண்டாம், ஓட்டை பெரிதாகி, ஸ்க்ரூவைப் பிடிக்க உள்ளே வைக்கும் நைலான் பிளக் ஆடும்.

இனி பிட். மெஷினுக்குப் பணம் ஒதுக்கும்போதே இதற்கும் தனியாக ஒதுக்குங்கள். நூறு சாமான் போட்ட செட் என்று வருகிற பெட்டிகளை விட நல்ல கம்பெனி மேசனரி (சுவருக்கான) பிட் 6 மி.மீ.யில் இரண்டு, 8 மி.மீ.யில் ஒன்று தனியாக வாங்குவது மேல். சுவருக்கான பிட்டின் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு துண்டு ஒன்று பற்றவைத்திருக்கும், கடினம் எல்லாம் அதில்தான். இரும்புக்கு எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் வேறு, டைல்ஸுக்கு வேல் முனை மாதிரி இருக்கும் பிட் வேறு. 6 மி.மீ. பிளக்குக்கு 6 மி.மீ. பிட், அவ்வளவுதான் கணக்கு. அந்தக் காலத்தில் சுவரைக் கொத்தி மரக்கட்டை அடித்து ஆணி இறக்குவார்கள். இன்று நாம் வாங்குகிற நைலான் பிளக்கை ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் 1958இல் உருவாக்கினார். ஸ்க்ரூ உள்ளே போகப் போக விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்கிற அந்தச் சின்னப் பொருளை எத்தனை பாராட்டினாலும் தகும்.

பிட்டை மாட்டும்போது சக் சாவியை ஒரே ஓட்டையில் முறுக்கி விட்டுவிடாதீர்கள். மூன்று ஓட்டையிலும் வைத்து முறுக்கினால்தான் பிட் நேராக, வழுக்காமல் நிற்கும். சாவியை எடுத்த பிறகே மெஷினைக் கரண்ட் பிளக்கில் சொருக வேண்டும். நைலான் பிளக்கின் நீளத்தைப் பிட்டில் அளந்து அங்கே டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தப்பாது.

லிண்டலில் வைத்து அழுத்தியதும் முதலில் பூச்சுத் தூள் கொட்டும். அப்புறம் வரும் தூளைக் கவனியுங்கள். சிவப்பாக வந்தால் செங்கல், சாம்பல் நிறமென்றால் கான்கிரீட். கான்கிரீட்டில் அவசரம் வேண்டாம். கொஞ்ச நேரம் ஓட்டி, பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டவிட்டு, மறுபடி ஓட்டினால் இந்த மெஷின் 6 மி.மீ. ஓட்டையை நன்றாகவே போடுகிறது. சத்தம் திடீரென்று கணீரென மாறி, பிட் ஒரு இம்மிகூட நகராமல் நின்றால் உள்ளே கம்பி. அழுத்திப் பிரயோஜனம் இல்லை, பிட் நுனிதான் கருகும். ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மேலே பார்த்து ஓட்டும்போது தூள் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் ஓட்டையே வேண்டாம், ஒயர் பைப் அந்த வழியாகத்தான் போயிருக்கும்.

கான்கிரீட்டில் 10 மி.மீ. வரை என்பதுதான் இதன் அளவு. ஏசி அவுட்டோர் யூனிட், பெரிய கீசர், குழாய் போக அகலமான ஓட்டை என்றால் ரோட்டரி ஹேமர் வேண்டும். அதில் காற்றழுத்தத்தில் ஓடும் பிஸ்டன் அடிப்பதால் அடியின் பலமே வேறு. அந்த வேலையை ஆள் வைத்தோ வாடகைக்கு எடுத்தோ முடித்துக்கொள்ளலாம். அதற்காக முதலிலேயே மூன்று கிலோ மெஷினை வாங்கிவிட்டால் மரத்தில் ஒரு சின்ன ஓட்டை போடவும் அதைத்தான் தூக்க வேண்டியிருக்கும்.

மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவு இல்லை. உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டு, பில்லைப் பத்திரமாக வையுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மதியம் தூங்குகிற நேரத்தில் மட்டும் எடுக்காதீர்கள், லிண்டலில் ஓட்டும் சத்தம் இரண்டு மாடிக்குக் கேட்கும்.