யமஹா பசிபிக்கா 112வி: ஐந்து நிலை ஆளியும் இழுத்துத் தூக்கும் குமிழும்

மூன்று ஆண்டுகளாக யமஹா பசிபிக்கா 112வி கிற்றார் ஒன்றை ஞாயிறு திருப்பலியிலும், கலியாண வரவேற்புகளிலும், திருவிழாக் காலத்தில் இசைக்குழு மேடைகளிலும் வாசித்து வருகிறேன். யாழ்ப்பாணத்தில் ஒருவர் முதன்முதலாக மின்கிற்றார் வாங்க நினைத்தால், இந்த மாதிரியின் பெயர் எப்படியும் அவருடைய காதில் விழும். மரம், வேலைப்பாடு, விலை ஆகியவற்றைப் பற்றிப் பலர் பேசிவிட்டார்கள். கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்கள் இதில் மூன்று உள்ளன; அவற்றை எப்பொழுது, எதற்காகத் தெரிந்தெடுப்பது என்பதைத்தான் நான் எழுத விரும்புகிறேன். ஏனென்றால் நமது மேடைகளில் பெரும்பாலானோர் பிக்கப்களை மாற்றும் ஆளியை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, சத்தம் பிடிக்காதபோது அம்பிளிபயரில் உள்ள குமிழ்களையே திருகிக்கொண்டிருக்கிறார்கள்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடல் அல்டர் மரம், கழுத்து மேப்பிள், மெட்டுகள் 22, கம்பியின் அதிரும் நீளம் 648 மில்லிமீற்றர். கழுத்துப் பக்கத்திலும் நடுவிலும் ஒற்றைச் சுருள் பிக்கப்கள் உள்ளன. கம்பிகளைத் தாங்கும் குதிரையின் பக்கத்தில் ஹம்பக்கர் எனப்படும் இரட்டைச் சுருள் பிக்கப் உள்ளது. மூன்றிலும் அல்னிக்கோ 5 காந்தங்களே இருக்கின்றன. ஐந்து நிலை ஆளி ஒன்று, ஒலியளவுக் குமிழ் ஒன்று, தொனிக் குமிழ் ஒன்று. தொனிக் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கரின் இரண்டு சுருள்களில் ஒன்று மட்டுமே வேலை செய்யும். நிலைகளைக் குதிரைப் பக்கத்திலிருந்து எண்ணுகிறேன்: முதலாவது ஹம்பக்கர் தனியாக, ஐந்தாவது கழுத்துப் பிக்கப் தனியாக.

பிக்கப் இருக்கும் இடம் மாறினால் தொனி ஏன் மாறுகிறது என்பதை வீணை கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்குவது கடினமல்ல. வீணையைக் குதிரைக்குக் கிட்ட மீட்டினால் ஒலி கூர்மையாகவும் மெலிந்தும் வரும். சற்று விலகி மீட்டினால் உருண்டு திரண்டு வரும். பிக்கப் மீட்டுவதில்லை, கேட்கிறது. ஆனாலும் கணக்கு ஏறத்தாழ அதுதான். குதிரைக்கு அருகில் கம்பி அதிகம் அசைய முடியாதபடியால் அடிப்படை அதிர்வு அங்கே குறைந்து, மேல் இசைவுகள் முன்னுக்கு வருகின்றன. கழுத்துப் பக்கத்தில் கம்பியின் அசைவு பெரிது. ஆகவே அங்கே அடிப்படை அதிர்வு நிறைந்து நிற்கிறது. குதிரைப் பக்கத்தில் ஹம்பக்கரைப் பொருத்துவதற்கு ஒரு நல்ல காரணமும் இதிலேயே இருக்கிறது: மெலிந்துபோகும் இடத்தில் இரட்டைச் சுருள் பலம் சேர்க்கிறது.

நான் அதிகம் வாசிப்பது நான்காம் நிலையில், அதாவது கழுத்துப் பிக்கப்பும் நடுப் பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில். இரண்டும் கம்பியை வெவ்வேறு இடங்களில் கேட்பதால், சேரும்போது சில மீடிறன்கள் ஒன்றையொன்று குறைத்துவிடுகின்றன. அதனால் நடுப்பகுதி சற்றுக் குழிந்து, மணி தட்டியதுபோன்ற ஒரு துலக்கம் எஞ்சுகிறது. பைலாத் தாளத்துக்கு மேல்நோக்கி வெட்டி வெட்டிக் கோட்ஸ் (பல ஸ்வரங்களை ஒன்றாக) அடிக்கும்போது, கீபோட்டும் பாடகரின் குரலும் நிற்கும் இடத்தைக் கிற்றார் பிடித்துக்கொள்ளாமல் தாளத்தை மட்டும் தெளிவாகக் கொடுப்பது இந்த நிலையில்தான். எழுபதுகளில் இலங்கைத் தமிழ்ப் பொப் பாடல்கள் மேடையேறிய காலத்திலிருந்து நமக்குப் பழகிப்போன அந்தத் துள்ளலை இந்தக் கிற்றாரில் தேடுபவர்கள் முதலில் இங்கேதான் ஆளியை வைக்க வேண்டும்.

இந்த நிலைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1954 இல் ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ரற்றோகாஸ்ரர் கிற்றார் வெளிவந்தபோது அதில் மூன்று நிலை ஆளியே இருந்தது. வாசிப்பவர்கள் ஆளியை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு பிக்கப்களையும் ஒன்றாக ஒலிக்கவைக்கும் வழியைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். ஐந்து நிலை ஆளியை அந்த நிறுவனம் 1977 இல்தான் பொருத்தத் தொடங்கியது. பசிபிக்காவின் ஆளி அந்த வழியில் வந்ததுதான்.

கழுத்துப் பிக்கப் தனியாக ஒலிக்கும் ஐந்தாம் நிலை எனக்கு மிகவும் பிடித்தது. திரையிசைப் பாடல்களின் இடையிசையில் கமகம் கலந்த வரிகள் வரும்போது, கம்பியை இழுத்தும் விரலைச் சறுக்கியும் வாசித்தால், மீட்டும் வில்லையான பிக் தட்டும் ஓசை பின்வாங்கி ஸ்வரத்தின் வளைவு முன்னுக்கு வருகிறது. தொனிக் குமிழை 6 அளவில் வைத்தால் இன்னும் குரலுக்கு நெருங்கும். அதற்குக் கீழே போனால், மண்டபத்தில் பேஸ் கிற்றாருடன் கலந்து அடையாளமே தெரியாமல் போய்விடும். வீட்டு அறையில் இனிமையாகக் கேட்ட அமைப்பு மேடையில் மறைந்துபோவதை நான் பலமுறை அனுபவித்திருக்கிறேன். ஆகவே பிக்கப்பைத் தெரிந்தெடுக்கும் முடிவை ஒத்திகையில், குழுவினர் எல்லோரும் வாசிக்கும்போது எடுப்பதே சரி.

ஒற்றைச் சுருளின் குறை அதன் இரைச்சல். நமது மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். சுவருக்குள் ஓடும் கம்பிகளும், மேடை விளக்குகளும், அம்பிளிபயரின் மின்மாற்றியும் பரப்பும் காந்தப்புலத்தைச் செப்புக் கம்பிச் சுருள் அப்படியே வாங்கி, ‘உம்’ என்று ஒலிபெருக்கியில் விட்டுவிடும். ஒரு கலியாண வரவேற்பில், பெண்ணின் பெரியப்பா வாழ்த்துரைக்க எழுந்து மண்டபமே அமைதியான நேரத்தில், நான் கழுத்துப் பிக்கப்பில் நின்றிருந்தேன். அந்த இரைச்சல் அவருடைய முதல் வசனத்துக்குக் கீழே கேட்டது. ஒலியளவுக் குமிழைச் சுழியத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அன்றிலிருந்து பாட்டு முடிந்த கணத்திலேயே குமிழை மூடுவது என் விரலுக்குப் பழக்கமாகிவிட்டது. நிற்கும் திசையைச் சற்றுத் திருப்பினாலும் இரைச்சல் குறையும். மேடையில் ஏறியவுடன் அப்படி ஒரு சுற்றுத் திரும்பிப் பார்த்து, அமைதியான திசையைக் கண்டுபிடித்துக்கொள்வது நல்லது.

ஹம்பக்கர் இந்த இரைச்சலுக்காகவே பிறந்தது. கிப்சன் நிறுவனத்தில் பணிபுரிந்த சேத் லவர் 1955 இல் இதற்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஒரு சுருளை மற்றதற்கு எதிர்த்திசையில் இணைத்து, காந்த முனையையும் மாற்றி வைத்தால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக வந்து அழிந்துவிடும். கம்பியின் ஒலி மட்டும் கூடும். பசிபிக்காவின் முதலாம் நிலையில் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்ரோர்ஷனைக் கூட்டி லீட் (முன்னணி மெட்டு) வாசிக்கும்போது அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஒலி தடித்தும் முன்னே தள்ளியும் வருகிறது. இடைநிறுத்தங்களிலும் அமைதி இருக்கிறது. பல கிற்றார்களில் நடுப் பிக்கப்பையும் இவ்வாறே எதிர்த்திசையில் சுற்றி வைப்பார்கள். அப்படியிருந்தால் நான்காம் நிலையிலும் இரைச்சல் அடங்கும். எந்தக் கிற்றாரை வாங்கப் போனாலும் கடையிலேயே அம்பிளிபயரை உயர்த்தி, கம்பிகளைக் கையால் அடக்கி, நான்காம் நிலையையும் ஐந்தாம் நிலையையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அரை நிமிட வேலைதான்.

தொனிக் குமிழை இழுத்து ஹம்பக்கரைப் பிரிக்கும் வசதியைப் பற்றி எனது கருத்து இரண்டாகப் பிரிந்திருக்கிறது. முதலாம் நிலையில் தனியாகப் பிரித்தால் ஒலியளவு சட்டென்று இறங்கும், இரைச்சலும் திரும்பி வரும். கூர்மை கிடைத்தாலும் ஒலியின் கனம் கிடைப்பதில்லை. இது எந்த ஹம்பக்கரைப் பிரித்தாலும் எதிர்பார்க்க வேண்டியதுதான். பாட்டின் நடுவில் இழுத்தால் கிற்றார் காணாமல் போனதுபோல் இருக்கும். ஆனால் இரண்டாம் நிலையில், நடுப் பிக்கப்புடன் சேர்த்து இழுத்தால் கதையே வேறு. முழு ஹம்பக்கரோடு கனத்துக் கிடந்த ஒலி இளகி, நான்காம் நிலையின் தம்பிபோல, ஆனால் அதைவிட விறைப்பாக ஒலிக்கிறது. விரல்களால் ஒவ்வொரு கம்பியாக மீட்டி வாசிக்கும் மெதுவான திருப்பலிப் பாடல்களுக்கு இதையே வைத்திருக்கிறேன். நடுப் பிக்கப் தனியாக ஒலிக்கும் மூன்றாம் நிலையை நான் அதிகம் தொடுவதில்லை.

ஆளியைப் போலவே ஒலியளவுக் குமிழும் தொனியைத் தெரிந்தெடுக்கும் கருவிதான். ஹம்பக்கரில் டிஸ்ரோர்ஷன் பொங்கிக்கொண்டிருக்கும்போது குமிழை 10 இலிருந்து 6க்கு இறக்கினால், கோட்ஸ் அடிக்கும் அளவுக்கு ஒலி தெளிந்துவிடும். பல்லவிக்கு 6, இடையிசைக்கு 10 என்று ஒரே நிலையில் நின்றே ஒரு பாட்டை முடிக்கலாம்.

எனது கிற்றார் கைமாறி வந்தது. முன்பு வைத்திருந்தவர் சத்தம் கூட வேண்டும் என்று கழுத்துப் பிக்கப்பைக் கம்பியோடு முட்டும் அளவுக்கு உயர்த்தியிருந்தார். பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே தடித்த கம்பியை அழுத்தினால் ஸ்வரம் ஒரு நிலையில் நிற்காமல் தள்ளாடியது. சுருதி பிழை என்று நினைத்து இரண்டு கிழமை சுருதி கூட்டிக் களைத்த பிறகுதான், காந்தம் கம்பியை இழுத்துப் பிடிக்கிறது என்று விளங்கியது. பக்கத்துத் திருகாணிகளைத் தளர்த்தி, கடைசி மெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்தபடி, தடித்த கம்பிப் பக்கம் 2.5 மில்லிமீற்றரும் மெல்லிய கம்பிப் பக்கம் 2 மில்லிமீற்றரும் இடைவெளி விட்டேன். தள்ளாட்டம் நின்றது, மூன்று பிக்கப்களின் ஒலியளவும் ஓரளவு சமப்பட்டது.

கடற்காற்று படும் ஊரில் இருப்பவர்களுக்கு இன்னுமொன்று. சோளகம் வீசும் மாதங்களில் உப்பும் புழுதியும் ஆளிக்குள் இறங்கிவிடுகின்றன. போன ஆண்டு நான்காம் நிலையில் எனக்கு ஒலி விட்டுவிட்டு வந்தது. பிக்கப் பழுதென்று பயந்தேன். மின் தொடுகைகளைத் துப்புரவாக்கும் தெளிதிரவத்தை ஆளிக்குள் சிறிது விட்டு, முப்பது நாற்பது தடவை முன்னும் பின்னும் தள்ளியதும் சரியாகிவிட்டது. வாசிக்காத நாட்களில் கிற்றாரை உறைக்குள் வைப்பதும், வாசித்து முடிந்ததும் கம்பிகளையும் பிக்கப்பின் காந்த முனைகளையும் உலர்ந்த துணியால் துடைப்பதும் இங்கே கட்டாயம்.

கடும் உலோக ரொக் மட்டுமே வாசிக்கப் போகிறவர் இரண்டு ஹம்பக்கர்கள் உள்ள கிற்றாரைத் தேடுவது நல்லது. காலையில் திருப்பலி, மாலையில் கலியாண வீடு என்று ஒரே கிற்றாரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு 112வியைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன். வாங்கியவர் முதல் ஒத்திகைக்கு வரும்போது, ஆளியை நான்கில் வைத்து, தொனிக் குமிழை 8இல் நிறுத்திவிட்டு வரட்டும்.