மின்னொளிப் போட்டி வைக்கிற கழகங்கள் கவனம்: 185,000 ரூபா போய்விட்டது

வன்னியில் மின்னொளி உதைபந்தாட்டம் வைக்க ஆயத்தப்படுத்தும் கழகங்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். லயிற், ஜெனரேற்றர், சவுண்ட் எல்லாம் சேர்த்து ஒரே விலையில் தருகிறோம் என்று பேஸ்புக்கில் விளம்பரம் போடும் வாடகைக்காரர் ஒருவரிடம் எங்கள் கழகம் முற்பணமாகக் கட்டிய 185,000 ரூபா போய்விட்டது. முறைப்பாடு நடப்பதால் பெயரைப் போடவில்லை.

பேசினது இதுதான்: 400 வாற் மெற்றல் ஹேலைட் விளக்கு 24, பத்து மீற்றர்க் கம்பம் ஆறு, 30 கேவிஏ (எவ்வளவு சுமை தாங்கும் என்ற அளவு) ஜெனரேற்றர், அதை ஓட்ட ஒரு ஆள், டீசல், சவுண்ட். மொத்தம் 260,000. நம்ப வைத்தது விலை இல்லை, அந்த ஆளின் பேச்சு. மைதானத்தின் நீள அகலத்தைக் கேட்டார். கோலுக்குப் பின்னால் கம்பம் நட்டால் கோலிக்குக் கண் கூசும், பக்கக் கோட்டுக்கு வெளியேதான் நடவேண்டும் என்று தானாகவே சொன்னார். வேலை தெரிந்தவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். கிளிநொச்சியில் செய்த போட்டி என்று படங்களும் வந்தன. "அண்ணை, வெளிநாட்டில இருக்கிற பெடியள் சேர்த்து அனுப்பின காசு எண்டு எனக்கும் விளங்குது. ஒரு குறையும் வராது, யோசிக்காதேங்கோ" என்றார். அந்த வார்த்தைக்குத்தான் 185,000 வங்கியில் விழுந்தது.

மத்தியானம் வரவேண்டிய லொறி பொழுதுபடத்தான் புதுக்குடியிருப்புக்கு வந்து சேர்ந்தது. எடுத்த போனுக்கெல்லாம் "ஒட்டுசுட்டான் தாண்டியாச்சு" என்ற ஒரே பதில். இறக்கிப் பார்த்தால் விளக்கு 16, கம்பம் நாலு, ஜெனரேற்றர் 15 கேவிஏ. டீசல் இல்லை. ஓட்ட வந்த பெடியனுக்குச் சாவி போடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

16 விளக்குக்கு 15 கேவிஏ போதாதா என்று கேட்பீர்கள். ஒழுங்கான சாமான் என்றால் போதும். 400 வாற் விளக்கு 16 என்றால் 6,400 வாற். விளக்குக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்துகிற சோக்கில் போகிறதையும் சேர்த்தால் 7,000 அளவில் வரும். சோக் பெட்டிக்குள் இருக்கிற கப்பாசிற்றர் நல்லதாக இருந்தால் ஜெனரேற்றர் 8 கேவிஏ அளவில்தான் சுமக்கும். இவர்களின் பெட்டிகளைத் திறந்தபோது பலவற்றில் கப்பாசிற்றர் ஊதி வெடித்திருந்தது, சிலவற்றில் கழற்றியே எடுத்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் பவர் பக்ரர், அதாவது ஜெனரேற்றர் சுமக்கிறதில் உண்மையில் வேலைக்குப் போகிற பங்கு, பாதிக்கு இறங்கும், அதே விளக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். 7,000 வாற் 14 கேவிஏ ஆகிவிடும். பற்றத் தொடங்கும் முதல் சில நிமிடம் அதற்கு மேலும் இழுக்கும். அதோடு சவுண்டையும் கொழுவினால் பிறேக்கர் விழாமல் என்ன செய்யும்?

விழுந்த பிறகுதான் உண்மையான நாசம். மெற்றல் ஹேலைட் ஒருமுறை அணைந்தால் சூடு ஆறும்வரை திரும்பப் பற்றாது. 10 முதல் 15 நிமிடம் இருட்டு, முழு வெளிச்சம் வர இன்னும் சில நிமிடம். ஒவ்வொரு தடவை விழும்போதும் ஒரு ஆட்டத்தின் பாதி நேரம் போய்விடும். பொலிஸில் எடுத்த ஒலிபெருக்கி அனுமதி இரவு 10 மணியோடு முடிந்தது. அரையிறுதி நடக்கவேயில்லை. மல்லாவியிலிருந்தும் மாங்குளத்திலிருந்தும் வந்த அணிகளுக்கு நுழைவுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினோம்.

காசை விடுங்கள், வயர் இழுத்திருந்த விதத்தை நினைத்தால் இப்பவும் நெஞ்சு பதறுகிறது. 1.5 சதுர மில்லிமீற்றர் வயரை நூறு மீற்றர் இழுத்திருந்தார்கள். அதில் 10 அம்பியர் ஓடினாலே 24 வோல்ற் வழியில் போய்விடும், வயரும் சுடும். மூட்டுகளில் ரேப்தான், அதுவும் பனி விழுந்த புல்லுக்கு மேலே. எர்த் கம்பி ஒன்றுகூட அடிக்கவில்லை, கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்துகிற ட்ரிப் சுவிட்ச் இல்லை. அந்த இரும்புக் கம்பங்களில்தான் சின்னப் பிள்ளைகள் சாய்ந்து நின்று ஆட்டம் பார்த்தார்கள்.

மறுநாள் கேட்டதற்கு "முதலாளி கொழும்பில, வந்தோண்ண கதைப்பார்". பிறகு "கணக்குப் பாத்துச் சொல்லுறம்". பிறகு "உங்கட ஆக்கள்தான் கூட லோட் குடுத்தது". லோட் எப்படிக் கூடியது என்று மேலே எழுதின கணக்கை அனுப்பினோம். நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை, இப்போது நம்பரே புளொக். அவர்களின் பக்கத்தில் நாங்கள் போட்ட கொமென்ற் அழிக்கப்பட்டுவிட்டது. 185,000 ரூபா! ஜேர்சி, பந்து, நடுவர் கொடுப்பனவு எல்லாம் முடிகிற காசு. இன்றைக்கும் அதே படங்களோடு புது விளம்பரம் ஓடுகிறது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் அழைத்துச் சொல்லியாயிற்று. மத்தியஸ்த சபைக்கும் எழுதுகிறோம். வங்கிச் சிட்டையும் வட்ஸ்அப் உரையாடலும் இருப்பதால்தான் இந்த அளவுக்காவது போக முடிகிறது, அழித்துவிடாதீர்கள்.

விபரமாக எழுதப் பொறுமை இல்லை, அவசரத்துக்கு இவ்வளவும் பாருங்கள். விளக்கு எத்தனை, எத்தனை வாற், ஜெனரேற்றர் எத்தனை கேவிஏ என்று கையெழுத்தோடு வாங்குங்கள். வங்கிக் கணக்கு கடையின் பெயரில் இல்லாமல் தனியாளின் பெயரில் இருந்தால் காசு போடாதீர்கள். சாமானை முதல் நாளே இறக்கச் சொல்லுங்கள், ஊரில் வயரிங் செய்கிற ஒருவரைக் கூட்டிப்போய்ச் சோக் பெட்டியைத் திறந்து பாருங்கள். முற்பணம் கால்வாசிக்கு மேல் வேண்டாம். எல்லா லயிற்றும் சவுண்டோடு சேர்ந்து ஒரு மணித்தியாலம் விழாமல் எரிந்த பிறகு மிச்சத்தைக் கொடுங்கள்.