ஹீட்டரில் மட்டும் குளிர் காற்று: ஒன்பது வருடப் பழக்கத்தில் ஒரு கார்

என்னிடம் இருக்கும் அதே மாடல் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, முன்பு சொன்னதைவிட நன்றாக இறங்கி வந்திருக்கிறார்கள், வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். வேறு நாளில் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருப்பேன். போன வாரம்தான் ஒரே கோளாறுக்கு நான்காவது தடவையாக பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கடுப்பு இன்னும் அடங்கவில்லை. இதைப் படிப்பவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளவும்.

இன்ஜின் எத்தனை சிசி, டிக்கியில் எத்தனை பெட்டி வைக்கலாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். காருக்கு வயது 17. என்னிடம் வந்து 9 வருடம். 1,60,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. கிளட்ச் ஒரு முறை மாற்றியதோடு சரி. கியர் இன்றைக்கும் விரலால் தள்ளினால் விழும். நடுவழியில் நிறுத்தியதே இல்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனது வராது.

கோளாறு இதுதான். வண்டி ஓடும்போது ஹீட்டரில் சூடான காற்று வரும். சிக்னலில் நின்றால் பத்தே விநாடியில் அது குளிர்ந்துவிடும். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் மறுபடி சூடு வரும். மழைநாளில் முன்கண்ணாடி உள்பக்கம் பனிபோல் படியும்போது, நின்ற இடத்தில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்து வண்டிக்காரர் நான் பந்தயத்துக்குக் கூப்பிடுவதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்.

ஹீட்டர் என்பது தனிச் சமாச்சாரம் இல்லை. இன்ஜினின் சூட்டைத் தணிக்க அதைச் சுற்றி வரும் கூலன்ட் என்ற திரவத்தில் ஒரு பங்கு, டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற குட்டி ரேடியேட்டர் வழியாகப் போகிறது. அதன் மேல் ஃபேன் காற்று அடிக்கிறது, அவ்வளவுதான். அதனால் ஹீட்டர் சரியில்லை என்றால் பல நேரம் இன்ஜினின் குளிரூட்டலிலேயே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். ஆனால் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றதால் நான் அந்தப் பக்கமே யோசிக்கவில்லை.

அந்த முள்ளைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆக வேண்டும். காரின் கம்ப்யூட்டரில் இருக்கும் அளவுகளைப் படித்துக் காட்டும் ஓ.பி.டி. கருவி ஒன்றைச் செருகி, கூலன்ட் வெப்பத்தை ஃபோனில் பார்த்தேன். 78 டிகிரியில் முள் நடுவில். 92-இல் நடுவில். நெரிசலில் மாட்டி 104 வந்தது, அப்போதும் நடுவில். முள் ஆடினால் ஓட்டுநர் பயப்படுவார் என்று பல கார்களில் இப்படியே செய்து வைத்திருக்கிறார்கள். அது அசையத் தொடங்கும்போது நிலைமை ஏற்கெனவே கைமீறியிருக்கும். 9 வருடம் அந்த முள்ளைப் பார்த்து நிம்மதியாக ஓட்டியிருக்கிறேன். நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

முதலில் சந்தேகத்தில் மாட்டியது தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைத்திருக்கும் வால்வு. அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் சூடேறவே நேரமாகும், ஹீட்டரும் வெதுவெதுப்போடு நிற்கும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சில நிமிடம் குளிர்ந்தே இருந்துவிட்டுத் திடீரென்று சூடானால் தெர்மோஸ்டாட் நல்லது. ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல சூடானால் சிக்கியிருக்கிறது. என் காரில் திடீரென்றுதான் சூடானது. மெக்கானிக்கிடம் சொன்னேன். "சார், பழைய வண்டி, எதுக்கும் மாத்திடலாம்" என்றார். மாற்றினோம், ஹீட்டர் அருமையாக வேலை செய்தது. கழற்றிய பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்து பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வைத்தேன். அதன் மேல் 82 என்று பொறித்திருந்தது. கிட்டத்தட்ட அதே சூட்டில் அழகாக வாய் திறந்தது. பழுதே இல்லாத சாமானை மாற்றியிருக்கிறோம். அப்படியென்றால் ஹீட்டர் எப்படிச் சரியானது? அன்றைக்கே அந்தக் கேள்வியை விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

மூன்று வாரத்தில் பழைய கதை. இந்த முறை ஹீட்டர் கோருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பார்த்தோம். இரண்டுமே நல்ல சூடாக இருந்து உள்ளே குளிர் காற்று வந்தால், காற்றைத் திருப்பிவிடும் கதவில் கோளாறு. ஒன்று சூடு, மற்றொன்று வெதுவெதுப்பு என்றால் கோர் அடைத்திருக்கலாம், அல்லது ஓட்டம் போதவில்லை. எனக்கு இரண்டாவது வகை. "அடைப்புதான்" என்று தீர்ப்பானது. வெளியேறும் ஹோஸ் வழியாகத் தண்ணீரை மெதுவான வேகத்தில் எதிர்த்திசையில் விட்டார். துருநிறத்தில் கொஞ்சம் வந்தது, பிறகு தெளிந்தது. கூலன்ட் நிரப்பினோம், ஹீட்டர் பிரமாதம். ஒரு மாதம் தாங்கியது.

அடுத்து, கூலன்ட்டைச் சுழலவிடும் வாட்டர் பம்ப். உள்ளிருக்கும் சக்கரத்தின் இதழ்கள் தேய்ந்துபோனால், குறைந்த வேகத்தில் தள்ளுகிற வலு இருக்காது என்றார். நின்றால் குளிர், ஓடினால் சூடு என்பதற்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. கழற்றிப் பார்த்தால் இதழ் ஒவ்வொன்றும் முழுசாக, கை வைத்தால் கிழிக்கிற மாதிரி இருந்தது. அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. புதியதை மாட்டினோம். ஹீட்டர் மறுபடி நன்றாக வேலை செய்தது, வழக்கம்போல் சில வாரத்துக்கு.

நான்காவது தடவை மெக்கானிக்கிடம் போகவில்லை. காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது, ரேடியேட்டர் மூடியை நானே திறந்தேன். (சூடாக இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. உள்ளே கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் இருக்கும், 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் காத்திருக்கும் கூலன்ட் திறந்த நொடியில் முகத்துக்கே பாயும்.) கழுத்து வரை தெரிய வேண்டிய கூலன்ட் தெரியவில்லை. விரலை இரண்டாவது கணு வரை விட்டேன். ஈரமே இல்லை.

பக்கத்தில் ரிசர்வ் டப்பா நிறைய கூலன்ட், மேல் கோட்டையும் தாண்டி.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் "மெக்கானிக் அதிகமாக ஊற்றிவிட்டார்" என்று திட்டிக்கொண்டே அந்த டப்பாவிலிருந்து ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தேன். டப்பாவில் அளவு குறைவதே இல்லை என்று நண்பர்களிடம் பெருமை வேறு பேசியிருக்கிறேன். அது குறையாமல் இருந்ததுதான் கோளாறே. கூலன்ட் சூடாகும்போது விரிந்து, மிஞ்சியது மூடியைத் தாண்டி ஒரு மெல்லிய குழாய் வழியாக டப்பாவுக்குப் போகும். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, அதே குழாய் வழியாகத் திரும்ப உறிஞ்சப்படும். என் காரில் போனது போனதுதான், திரும்பவில்லை. அதற்குப் பதில் காற்றை உறிஞ்சியிருக்கிறது. அந்தக் காற்று போய் உட்கார்ந்த இடம் ஹீட்டர் கோர். இந்த வண்டியில் அது கொஞ்சம் மேடான இடத்தில் இருக்கிறது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, பம்ப் தள்ளுகிற கூலன்ட் அந்தக் காற்றைத் தாண்டாது, உறுமினால் தாண்டும். ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் ஹீட்டர் சரியானதற்குக் காரணம் புதுச் சாமான் இல்லை. சாமானை மாற்றிய கையோடு கூலன்ட்டை நிரப்பிக் காற்றை எடுத்துவிட்டார், அதுதான்.

ஆனாலும் உடனே நிம்மதி வரவில்லை, ஹெட் கேஸ்கட் பயம் பிடித்துக்கொண்டது. இன்ஜினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் கசியாமல் அடைத்து வைக்கும் தகடு அது. அது போயிருந்தால் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகும். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் வைத்துச் சோதித்தார்கள். வாயு இருந்தால் மஞ்சளாகும். பதினைந்து நிமிடம் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன், நீலமாகவே இருந்தது. அழுத்தம் ஏற்றிப் பார்த்தார்கள், அதுவும் இறங்கவில்லை. "கசிவே இல்லை சார்" என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். அந்தச் சோதனைக் கருவி மூடி இருக்கும் இடத்தில் உட்காருகிறது. அதனால் மூடியையும் அதற்கு அப்பால் உள்ள குழாயையும் அது பார்ப்பதே இல்லை.

குழாயைக் கழற்றி வளைத்துப் பார்த்தேன். கிளாம்ப் இருந்த இடத்துக்கு அடியில் நகத்தளவு விரிசல். நேராகப் பிடித்தால் தெரியாது, வளைத்தால் வாய் திறக்கும். ஒரு சாண் புதுக் குழாய், ஒரு புது மூடி. மூடியின் ரப்பரும் கல்லாகியிருந்தது, அதையும் விட்டுவைக்கவில்லை. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி, குமிழ் நிற்கும் வரை நிரப்பினேன். இந்தக் கோளாறில் இதைவிட மலிவான சாமான் வேறெதுவும் இல்லை. மாற்றிய எல்லாவற்றையும்விடக் கடைசியாக வந்ததும் அதுதான்.

மெக்கானிக் மேல் கோபமா என்றால், இருக்கிறது. ஆனால் அவர் மூன்று முறையும் யோசித்ததில் தவறில்லை, ஒவ்வொரு காரணமும் அறிகுறிக்குப் பொருந்தியது. காலையில் ஒரு தடவை மூடியைத் திறந்து பார்க்காதது மட்டும்தான் குறை. நானும் 9 வருடம் அதைச் செய்யவில்லை. சரி, விடுவோம்.

இப்போது டப்பாவில் பேனாவால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். காலையில் கீழ்க் கோடு, ஓட்டிவிட்டு வந்தால் மேல் கோடு, இடையில் ஒரு விரல்கடை. அது ஏறி இறங்குவதைப் பார்க்க இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். சிக்னலில் நின்றாலும் ஹீட்டர் கொதிக்கிறது. கண்ணாடி உடனே தெளிகிறது.

நண்பனுக்குப் பதில்: வாங்காதே. நல்ல வண்டிதான், இவ்வளவு நேரம் அதைத்தான் சொன்னேன், ஆனாலும் வாங்காதே. அந்த முள்ளை நம்பி இன்னொருவர் ஓட்டிய காரில் உள்ளே என்னென்ன வெந்திருக்கிறதோ. இல்லை, போய்ப் பார்த்தே தீருவேன் என்றால், காலையில் போ, அவர்கள் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் போ, மூடியை நீயே திற.

"அப்ப உன்னோடதைக் குடுத்துடுறியா?" என்று கேட்டான்.

தர மாட்டேன்.