இரட்டைக் கொம்புக் கர்ப்பப்பை: த்ரீடி ஸ்கேனும் ஹை ரிஸ்க் பிரிவும், என் அனுபவம்

கர்ப்பப்பையின் அமைப்பில் பிறவியிலேயே வித்தியாசம் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்திருந்தால், அடுத்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் ஒன்று கேளுங்கள்: த்ரீடி ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பையின் வெளி விளிம்பையும் அளந்து எழுதித் தருவீர்களா? நான் பார்த்துக்கொண்ட ஹை ரிஸ்க் கர்ப்பப் பிரிவை இவ்வளவு மனசாரப் பாராட்டுவதற்கு முதல் காரணமே அந்த ஸ்கேன்தான்.

அதற்கு முன்னால் போன இடத்தில், கரு கலைந்த பிறகு டை செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துவிட்டு, "உள்ளே தடுப்புச் சுவர் இருக்கு, வெட்டிடலாம்" என்று ஆபரேஷனுக்குத் தேதியே குறித்துவிட்டார்கள். அந்த எக்ஸ்ரேயில் கர்ப்பப்பை இரண்டு கிளையாகத் தெரியும், அவ்வளவுதான். டை உள்ளே மட்டும்தான் நிரம்புகிறது, வெளி விளிம்பு படத்தில் விழுவதே இல்லை. அப்படியிருக்க, நடுவில் இருப்பது சுவரா, இல்லை கர்ப்பப்பையே மேலே இரண்டு கொம்பாகப் பிரிந்திருக்கிறதா என்று அதை வைத்து எப்படி முடிவுசெய்ய முடியும்?

புதிய இடத்தில் மாதவிலக்குச் சுழற்சியின் இரண்டாம் பாதியில் வரச் சொன்னார்கள், அப்போது உள்சவ்வு தடித்துப் படத்தில் வெள்ளையாக, தெளிவாக விழும். ஸ்கேன் டாக்டர் அவசரமே படவில்லை. படத்தைச் சுழற்றி நேர் எதிரே பார்க்கிற மாதிரி நிறுத்தி, திரையை என் பக்கம் திருப்பி, "மேல் விளிம்பைப் பாருங்கம்மா, நடுவில் குழி விழுந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டே கோடு போட்டு அளந்தார். வெளியே 1 செ.மீ.க்கு மேல் உள்வாங்கியிருந்தது. தடுப்புச் சுவராக இருந்தால் வெளிப்பக்கம் ஏறக்குறைய சமமாக இருக்குமாம். எனக்கு இருப்பது இரட்டைக் கொம்பு, உள்ளே கருவி விட்டு வெட்டப் போனால் கர்ப்பப்பையே ஓட்டையாகிவிடும் ஆபத்து உண்டு என்றார். ஆபரேஷன் அதோடு கைவிடப்பட்டது. அதே படுக்கையில் சிறுநீரகத்தையும், நான் கேட்காமலேயே, பார்த்துவிட்டார், ஏனென்றால் இந்த மாதிரி அமைப்பு உள்ள சிலருக்கு ஒரு பக்கச் சிறுநீரகம் இல்லாமலே இருக்கும்.

நிஜமாகவே தடுப்புச் சுவர் உள்ளவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சுவரை வெட்டினால் குழந்தை தங்கிவிடும் என்று உறுதியாகச் சொல்கிறவர்களிடம் கொஞ்சம் நின்று கேள்வி கேளுங்கள். 2021இல் வெளியான, 80 பெண்களை வைத்துச் செய்த ஒப்பீட்டு ஆய்வில், வெட்டிக்கொண்டவர்களுக்கு உயிருள்ள குழந்தை பிறப்பு கூடவில்லை. சிறிய ஆய்வுதான், அதனால் இதுவே கடைசி வார்த்தை இல்லை, ஆனால் இதைச் சொல்லிவிட்டு முடிவை உங்களிடம் விடுகிற டாக்டர் நல்ல டாக்டர்.

கர்ப்பம் தங்கிய பிறகும் இந்தப் பிரிவு என்னைக் கைவிடவில்லை. கரு ஒரு கொம்பில்தான் வளரும், இடம் குறைவு, அதனால் குறைப்பிரசவம், குழந்தை எடை கூடாமல் போவது, தலை கீழே திரும்பாமல் இருப்பது எல்லாம் மற்றவர்களைவிட அதிகம் என்று ஆரம்பத்திலேயே, பயமுறுத்தாமல், ஆனால் மறைக்காமலும் சொன்னார்கள். 16ஆம் வாரத்திலிருந்து 24 வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கர்ப்பப்பை வாயின் நீளம் பார்த்தார்கள். அது வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கிற ஸ்கேன் இல்லை, பிறப்புறுப்பு வழியாகப் பார்ப்பது, அப்போதுதான் அளவு சரியாகக் கிடைக்கும். 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் குறைப்பிரசவ ஆபத்து கூடும், அதைத் தடுக்க புரோஜெஸ்டிரோன் என்கிற ஹார்மோன் மருந்தா, கர்ப்பப்பை வாயில் தையலா என்று பேச வேண்டிவரும். எனக்கு ஒருமுறை 26 வந்தது. உடனே அடுத்த வாரமே வரச் சொல்லி மறுபடி அளந்தார்கள், குறையவில்லை. அந்த ஒரு வாரம் நான் தூங்கவில்லை என்பது வேறு விஷயம், ஆனால் போன் செய்தபோதெல்லாம் எடுத்துப் பேசிய நர்ஸ் அக்காவை என்றும் மறக்க மாட்டேன். வயிறு இறுகினால் எவ்வளவு நேரம் பார்க்கலாம், எப்போது கிளம்பி வந்துவிட வேண்டும், நீர் கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

குழந்தை கடைசி வரை தலை மேலேயே இருந்தது. 36ஆம் வாரத்தில் பனிக்குடம் உடைந்து சிசேரியன் ஆயிற்று, இருவரும் நன்றாக இருக்கிறோம்.

ஒரே ஒரு பெரிய குறை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ஜூனியர் டாக்டர் உட்கார்ந்து, திரை கூட இல்லாத இடத்தில், பக்கத்தில் இரண்டு பேர் நிற்க, "இது முதல் கர்ப்பமா? முன்னாடி கலைந்ததா? எத்தனையாவது மாதம்?" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். எல்லாம் ஃபைலின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. இழந்த குழந்தையைப் பற்றி ஒரு தாயிடம் இப்படிக் கூட்டத்தில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது. ஃபைல் அட்டையின் மேல் ஒரு வரி எழுதி ஒட்டினாலே போதும் என்று கருத்துப் படிவத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.