மீன்குழம்புக்குக் கண்ணாடி, தேங்காய்ப்பாலுக்கு பிளாஸ்டிக்

வீட்டிலிருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணாடிக்கு மாறுவது இப்போது பரவி வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. குமரி மாவட்டச் சமையலறைக்கு இரண்டும் வேண்டும். எதில் எதை வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கண்ணாடி போட்டியே இல்லாமல் வெல்லும் இடம் மீன்குழம்பு. தேங்காய் அரைத்து, புளி சேர்த்து, மேலே தேங்காய் எண்ணெய் மிதக்கும் குழம்பு நம்முடையது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் எண்ணெயில் கரைந்து, அதனோடு சேர்ந்து பிளாஸ்டிக்கில் ஊறிவிடும். எவ்வளவு தேய்த்தாலும் கறை போகாததற்குக் காரணம் அதுதான். வெயிலில் காயவைத்தால் நிறம் மங்கும். மீன் வாடை அவ்வளவு எளிதில் போகாது. அதே டப்பாவில் மறுநாள் பாயசம் வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண்ணாடி எதையும் உறிஞ்சாது, சோப்பு போட்டுக் கழுவினால் தீர்ந்தது. மலையோரத்தில் விளையும் கிராம்புக்கும் கண்ணாடிதான். அதன் மணமும் ஓர் எண்ணெய்தானே!

சூடு, புளிப்பு, எண்ணெய் மூன்றும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கிலிருந்து வேதிப்பொருள்கள் உணவில் இறங்குவது கூடும். பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கைச் செய்யப் பயன்படும் வேதிப்பொருள் பிஸ்பினால் ஏ. அது உணவில் இறங்கும் என்ற கவலை நெடுநாளாகவே உண்டு. உணவு படும் பொருள்களில் அதைத் தடைசெய்யும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் ஏற்றது. அதற்காக எல்லா பிளாஸ்டிக்கும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன். பிஸ்பினால் ஏ அதன் மூலப்பொருள் அன்று, சூட்டையும் ஓரளவு தாங்கும். 1 என்றிருந்தால் பெட் (PET) என்ற பிளாஸ்டிக். குடிநீர் பாட்டில்கள் இந்த வகை. கொதிக்கும் ரசத்தை அதில் ஊற்றினால் பாட்டில் சுருங்கிக் கோணிவிடும்.

ஃப்ரீசரில் கதை மாறுகிறது. நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். தேங்காய்ப்பாலை விளிம்பு வரை நிரப்பிய கண்ணாடி ஜாடி வெடிக்கும். பிளாஸ்டிக் நெகிழ்ந்து கொடுக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாதாரணக் கண்ணாடியில் சூடான குழம்பை ஊற்றினாலும் விரிசல் விடும். போரோசிலிகேட் என்ற வகைக் கண்ணாடி, சாதாரணக் கண்ணாடி சூட்டில் விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் விரியும், எளிதில் விரிசல் விடாது என்பதால், கூடுதல் விலை கொடுப்பதென்றால் அதற்குக் கொடுக்கலாம்.

இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் நேந்திரங்காய் சிப்ஸ் நமுத்துப்போகாமல் காப்பது டப்பா அன்று, மூடி. ரப்பர் வளையம் தளர்ந்துவிட்டால் விலையுயர்ந்த கண்ணாடியும் பயன்படாது. தகர மூடி போட்ட ஜாடியைக் குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் வாங்கவே வேண்டாம். உப்புக்காற்றில் துரு பிடிக்கும். மாங்காய் ஊறுகாய்க்கு இரண்டையும் விட்டுப் பழைய பீங்கான் பரணியையே எடுப்பேன்.

அரிசிக்கு பிளாஸ்டிக் வாளி போதும். கண்ணாடியில் பத்து கிலோ அரிசியை யார் தூக்குவது? பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக் கொடுக்க எவர்சில்வர் இருக்கிறது.