கலரா, கருப்பு வெள்ளையா? கேட்காமலே பதிவு செய்த டிரேட்மார்க் சேவை: ஐந்துக்கு இரண்டரை

ஈரோட்டில் வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறோம். போன வருடம் டிரேட்மார்க் வாங்கிவிடலாம் என்று ஆன்லைன் சேவை ஒன்றைப் பிடித்தேன். பெயர் வேண்டாம், இதே மாதிரி நிறைய இருக்கிறது. அரசுக் கட்டணம் ஒரு கிளாஸுக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய் (தனிநபர், சிறு தொழில் என்றால் ஆன்லைனில் இவ்வளவு, பெரிய கம்பெனிக்கு 9,000), அதற்கு மேல் அவர்கள் கூலி.

வேகத்தில் குறையே இல்லை. வாட்ஸ்அப்பில் ஆதாரும் லோகோவும் அனுப்பினேன், மூன்றாம் நாள் விண்ணப்ப எண் வந்துவிட்டது. பொடி வகைக்கு 30ஆம் கிளாஸ் என்று சரியாகவே போட்டிருந்தார்கள். பதிவு முடியும்வரை பெயர் பக்கத்தில் டிஎம் (TM) மட்டும் போடுங்கள், பதிவானது என்று காட்டும் வட்டத்துக்குள் ஆர் (®) போடக்கூடாது என்றும் அவர்களாகவே சொன்னார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் விண்ணப்பம்கூடப் போடாமல் அந்த ஆரை அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள், அது வேறு கதை.

கோட்டை விட்டது நிறத்தில். நான் அனுப்பியது பாக்கெட்டில் வருகிற லோகோ, மஞ்சளில் சிவப்பு உரல். அதை அப்படியே ஏற்றி, அந்த நிறங்களுக்கும் சேர்த்து உரிமை கோரிவிட்டார்கள். ஆறு மாதத்தில் மஞ்சள் பாக்கெட் கடை வாசல் வெயிலில் வெளுத்துப்போகிறது என்று பச்சைக்கு மாறினோம். அப்புறம்தான் தெரிந்த வக்கீல் ஒருவர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "இதைக் கருப்பு வெள்ளையில போட்டிருக்கலாமேம்மா" என்றார்.

1999ஆம் வருட டிரேட்மார்க் சட்டத்தில் 10ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறதாம். நிறம் குறிப்பிடாமல் பதிவானால் எல்லா நிறத்துக்கும் பதிவானதாகவே எடுத்துக்கொள்வார்கள். நிறத்தைக் கோரினால் அந்தக் கலவைக்குள் நம்மை நாமே கட்டிப்போட்டுக்கொள்கிறோம். நிறத்தை வைத்தே சனங்கள் பொருளை அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள் என்றால் கலருக்கும் மதிப்பு உண்டு. பல்பொடி டப்பாவின் சிவப்பு வெள்ளைக்காக கோல்கேட் கம்பெனி, ஆங்கர் என்ற இன்னொரு கம்பெனி மேல் வழக்குப் போட்டு 2003இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தடையே வாங்கியது. ஆனால் அது பல வருடம் விற்றுச் சம்பாதித்த பேர். எங்கள் பொடியை நிறம் பார்த்தா வாங்குகிறார்கள், பேரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

சேவைக்காரர்களுக்குப் போன் செய்தேன். "நீங்க கலர்லதானே அனுப்பினீங்க மேடம்" என்று பதில். உண்மைதான், ஆனால் இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்குத்தானே கூலி கொடுக்கிறோம், இல்லாவிட்டால் படிவத்தை நானே நிரப்பியிருப்பேனே!

பாதியில் மாற்றச் சொல்லி மல்லுக்கட்டுவதைவிடப் புதிதாகப் போடுவதே மேல் என்றார் வக்கீல். அதனால் லோகோவைக் கருப்பு வெள்ளையில் ஒன்று, வெறும் பெயரை மட்டும் தனியாக ஒன்று என்று இரண்டு விண்ணப்பம், இரண்டு 4,500. விண்ணப்பத் தேதியும் புதிதாகத்தான் ஆரம்பிக்கும், அந்த ஆறு மாதம் போனது போனதுதான். பழைய விண்ணப்பத்தை வாபஸ் வாங்கவில்லை, அது பாட்டுக்கு ஓடட்டும்.

புகார் கொடுத்ததற்கு அந்தச் சேவையிலிருந்து அடுத்த விண்ணப்பத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி கூப்பன் வந்தது. அரை மதிப்பெண் அதற்குத்தான்.